நாளைய வரியில் இன்றைய கடன்: ஒராபி பாஷாவை இலங்கைக்குக் கொண்டுவந்த கணக்கு

ஒராபி பாஷாவின் பெயர் நம்மவர்களுக்குப் புதியதல்ல. 1883 ஜனவரியில் அவரும் எகிப்தியத் தோழர்கள் ஆறு பேரும் கொழும்பில் வந்திறங்கினார்கள். கொழும்பிலும் கண்டியிலுமாகப் பதினெட்டு வருடங்களுக்கு மேல் அவர் இங்கே வாழ்ந்தார். அறிஞர் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரிக்கு அடித்தளமிட்டபோது அவர்களுக்கு ஊக்கம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

இவையெல்லாம் நமது நூல்களிலும் மலர்களிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டவை. அவர் ஏன் நாடு கடத்தப்பட்டார் என்று கேட்டால், "பிரிட்டிஷாரோடு சண்டை பிடித்தார்" என்று சொல்வோம். அதுவும் சரிதான். ஆனால் அந்தச் சண்டைக்கு முன்னால் ஒரு கடன் இருந்தது. எகிப்து மக்கள் இனிமேல் கட்டப்போகும் வரியைக் காட்டி, அவர்களைக் கேளாமலே ஆட்சியாளர்கள் ஐரோப்பாவில் வாங்கிய கடன் அது.

2022ஆம் ஆண்டுக்குப் பிறகு 'அரசாங்கக் கடன்' என்ற சொல் இலங்கையில் ஒவ்வொரு வீட்டின் குசினி வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சொல்லின் பொருளை விளங்கிக்கொள்வதற்கு எகிப்தின் கதை நல்லதொரு பாடம்.

வரப்போகும் வருமானம்

முதலில் நாம் அறிந்த இரண்டு விடயங்களை எடுத்துக்கொள்வோம்.

அம்பாறைப் பக்கத்து விவசாயி ஒருவர் விதைப்புக் காலத்தில் பசளைக்கும் எண்ணெய்க்கும் முதலாளியிடம் காசு எடுக்கிறார். "வேளாண்மை வெட்டினதும் தாறன்" என்கிறார். வயலில் நெல் இன்னும் இல்லை. வரும் என்ற நம்பிக்கைதான் இருக்கிறது. இங்கே கடன் எடுத்தவரும், காசைச் செலவழித்தவரும், திருப்பிக் கட்டப்போகிறவரும் ஒரே ஆள். வெள்ளம் வந்து விளைச்சல் பிழைத்தால் அந்தக் கஷ்டமும் அவருக்கே.

இரண்டாவது, ஒரு பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைத்தொகுதி. அன்றைய நம்பிக்கையாளர் சபை பத்து வருட வாடகையை ஒரேயடியாக முற்பணமாக எடுத்து, அந்த வருடமே செலவழித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் புதிய சபை வருகிறது. இமாமுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். கடையில் ஆள் இருக்கிறார், வாடகை இல்லை. கையெழுத்துப் போட்டவர் ஒருவர், தட்டுப்பாட்டில் நிற்பவர் இன்னொருவர். வக்பு வீடுகளுக்கு ஒரு வருடம், விளைநிலங்களுக்கு மூன்று வருடம் என்று குத்தகைக் காலத்துக்கு ஹனபி சட்ட அறிஞர்கள் பலர் எல்லை வகுத்ததை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம்.

அரசாங்கக் கடன் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அரசுக்குக் கடன் கொடுப்பவர் அதன் கட்டடங்களைப் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. வரி அறவிடும் அதிகாரத்தைப் பார்த்தே கொடுக்கிறார். அரசாங்கம் பத்து வருடத் திறைசேரி முறி ஒன்றை விற்கிறது என்றால் அதன் சாரம் இதுதான்: "பத்து வருடம் கழித்து இந்த நாட்டில் சீனி வாங்குபவர், பெற்றோல் அடிப்பவர், சம்பளம் எடுப்பவர் கட்டுகின்ற வரியிலிருந்து உமக்குத் தருவோம்." இன்று பாலர் வகுப்பில் இருக்கும் பிள்ளையின் நாளைய வரியும் அந்த வாக்குறுதிக்குள் அடங்கும்.

இப்படிக் கடன் எடுப்பதே பிழை என்று சொல்ல முடியாது. ஒரு பாலம் ஐம்பது வருடம் நின்றால் ஐம்பது வருடமும் அதைப் பாவிப்பவர்கள் செலவில் பங்கெடுப்பது நியாயம். ஆனால் மூன்று கேள்விகளை விட்டுவிடக் கூடாது. வாங்கிய காசு, கடனைக் கட்டக்கூடிய வருமானத்தை உண்டாக்குமா? பத்திரத்தில் எழுதிய தொகையில் கைக்கு வந்தது எவ்வளவு? கடனைத் தீர்மானித்தது யார், கணக்குப் பார்த்தது யார்? எகிப்தில் இந்த மூன்றும் கேட்கப்படவில்லை. கேட்கத் தொடங்கியபோது காலம் கடந்திருந்தது.

எழுதிக்கொடுக்கப்பட்ட மாகாணங்கள்

எகிப்தின் வருமானத்தை வெளிநாட்டில் முதலில் ஈடு வைத்தவர் எகிப்தின் ஆட்சியாளரே அல்லர். உஸ்மானியப் பேரரசுக்கு எகிப்து வருடா வருடம் திறை செலுத்தி வந்தது. கிரிமியா யுத்தச் செலவுக்காக 1854இல் இஸ்தான்புல் தனது முதலாவது வெளிநாட்டுக் கடனாக 3 மில்லியன் பவுணை எடுத்தபோது, பிணையாகக் காட்டியது அந்தத் திறையைத்தான். நைல் கரையில் பருத்தி பறித்த பல்லாஹ் விவசாயிக்கு லண்டன் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அவரது வரியின் ஒரு பகுதி ஏற்கனவே லண்டனுக்கு எழுதப்பட்டாயிற்று.

எகிப்து தன் பெயரில் எடுத்த முதல் கடன் 1862இல் வந்தது. ஆட்சியாளர் ஸயீத் பாஷா. கொடுத்தது லண்டனில் இருந்த ஃப்ரூலிங் அன்ட் கோஷன் நிறுவனம். பெயரளவுத் தொகை ஏறத்தாழ 3.3 மில்லியன் பவுண். ஸுயஸ் கால்வாய்க் கம்பனியின் 4 இலட்சம் பங்குகளில் 177,642 பங்குகள் அவர் தலையில் விழுந்திருந்ததும் இந்தத் தேவைக்கு ஒரு காரணம்.

அடுத்த வருடம் இஸ்மாயீல் பாஷா ஆட்சிக்கு வந்தார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம். அமெரிக்கப் பருத்தி வராததால் எகிப்துப் பருத்திக்கு என்றுமில்லாத விலை. விலை இப்படியே இருக்கும் என்ற எண்ணத்தில் கடனும் செலவும் கூடின. 1865இல் யுத்தம் முடிந்தது, விலையும் இறங்கியது. கடன் மட்டும் இறங்கவில்லை.

இஸ்மாயீலை வெறும் ஊதாரி என்று சொல்லிவிடுவது நியாயமாகாது. புகையிரதப் பாதைகள், நீர்ப்பாசனக் கால்வாய்கள், தந்தி, பாடசாலைகள், அலெக்சாந்திரியாத் துறைமுகம் என்று அவர் காலத்தில் நாட்டுக்குக் கிடைத்தவை பல. மாளிகைகளும் விழாக்களும் அதே காசில்தான் நடந்தன. எது நாட்டின் செலவு, எது ஆட்சியாளர் வீட்டின் செலவு என்று பிரித்துப் பார்க்க ஒழுங்கான கணக்கு இருக்கவில்லை.

ஒவ்வொரு கடனுக்கும் ஒரு வருமானம் பெயர் சொல்லி ஈடு வைக்கப்பட்டது. 1864ஆம் ஆண்டுக் கடனுக்கு டெல்டாப் பிரதேசத்தின் தகஹ்லிய்யா, ஷர்கிய்யா, புஹைரா ஆகிய மூன்று மாகாணங்களின் காணி வரி. 1866ஆம் ஆண்டுக் கடனுக்குப் புகையிரத வருமானம். இதில் ஷர்கிய்யா என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒராபி பிறந்த மாகாணம் அது.

பத்திரத்தில் ஒன்று, கையில் ஒன்று

1873ஆம் ஆண்டுக் கடன்தான் மிகப் பெரியது. பத்திரத்தில் 32 மில்லியன் பவுண், வட்டி 7 வீதம். முறிகள் கழிவு விலைக்கு விற்கப்பட்டன, தரகும் வெட்டப்பட்டது. எகிப்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 20 மில்லியன். இதிலும் ஒரு பகுதி காசாக வரவில்லை, பழைய குறுங்காலக் கடன் பத்திரங்களாகவே வந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 32 மில்லியனுக்கு 7 வீதம் என்றால் வருடத்துக்கு 2.24 மில்லியன் பவுண். கைக்கு வந்த 20 மில்லியனோடு ஒப்பிட்டால் அது 11 வீதத்துக்கு மேல். வரி கட்டுபவர் திருப்பிக் கட்ட வேண்டியதோ தான் ஒருபோதும் காணாத மிச்சம் 12 மில்லியனையும் சேர்த்துத்தான்.

முகாபலா: வரியையே விற்ற சட்டம்

கடன் கிடைப்பது கடினமானபோது வேறு வழிகள் தேடப்பட்டன. 1871இல் 'முகாபலா' சட்டம் வந்தது. ஆறு வருடக் காணி வரியை முன்கூட்டியே கட்டும் நிலச் சொந்தக்காரருக்கு அவரது வரியில் பாதி நிரந்தரமாகக் கழிக்கப்படும் என்பது அதன் ஏற்பாடு.

வருடம் 10 பவுண் வரி கட்டுபவரை எடுப்போம். அவர் 60 பவுணை முன்னே கொடுக்கிறார். அதன் பின் வருடத்துக்கு 5 பவுண் அவருக்கு மிச்சம். பன்னிரண்டு வருடத்தில் கொடுத்த காசு திரும்பிவிடும். பதின்மூன்றாம் வருடத்திலிருந்து அவரும் அவரது வாரிசுகளும் பாதி வரியோடு இருப்பார்கள். அரசாங்கமோ என்றென்றைக்கும் பாதி வருமானத்தை இழந்து நிற்கும். பெரிய காணிக்காரர்களுக்கு இது நல்ல வியாபாரம். முன்பணம் கட்ட வழியில்லாத ஏழை விவசாயி முழு வரியோடு கிடந்தார். 1880இல் சட்டம் நீக்கப்பட்டது.

கால்வாய்ப் பங்குகளின் கதையும் இப்படித்தான். 1869இல் இஸ்மாயீல் தன் பங்குகளின் அடுத்த 25 வருட இலாபத்தைக் கம்பனிக்கே விட்டுக்கொடுத்திருந்தார். 1875 நவம்பரில் பங்குகளையே பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு ஏறத்தாழ 4 மில்லியன் பவுணுக்கு விற்றார். டிஸ்ரேலிக்கு அந்தக் காசைக் கொடுத்து உதவியது ரொத்சைல்ட் வங்கி. ஆனால் வாங்கியவருக்கு 1894 வரை இலாபம் வராதே? அதற்கு ஈடாக எகிப்து வருடம் 5 வீதம் பிரிட்டனுக்குக் கட்ட ஒப்புக்கொண்டது. பொருளை விற்றவரே வாங்கியவருக்கு வருடா வருடம் காசு கட்டிய வியாபாரம் அது. கால்வாயின் நிகர இலாபத்தில் எகிப்து அரசுக்கு இருந்த 15 வீத உரிமையும் 1880இல் 22 மில்லியன் பிராங்குக்குக் கைமாறியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடன் என்றதும் நம்மிடையே பேச்சு வட்டியில் தொடங்கி வட்டியிலேயே முடிந்துவிடுகிறது. வட்டி ஹராம், அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் அந்த 15 வீத உரிமையை விற்ற ஒப்பந்தம் கடனே அல்ல. அது ஒரு விற்பனை. இருந்தும் ஒரு தலைமுறையின் சொத்து இன்னொரு தலைமுறையின் அவசரத்துக்குப் போனது. ஆகவே வட்டியில்லாத முறை என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதாது. வரப்போகிறவர்களின் வருமானத்தில் கைவைக்கும் எந்த ஏற்பாட்டிடமும், அது ஸுகூக்காக இருந்தாலும், மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டே ஆக வேண்டும்.

கணக்குப் புத்தகம் கைமாறியது

1876 ஏப்ரலில் இஸ்மாயீல் கொடுப்பனவுகளை நிறுத்தினார். மொத்தக் கடன் அப்போது ஏறத்தாழ 91 மில்லியன் பவுண். மே மாதம் 'பொதுக் கடன் நிதியம்' என்ற அமைப்பு உருவானது. ஐரோப்பிய ஆணையாளர்கள் அதில் அமர்ந்தார்கள். ஈடு வைத்த மாகாணங்களின் வரி இனி எகிப்தின் திறைசேரிக்குப் போகாமல் நேரே அவர்களிடம் போகும். வருட முடிவுக்குள் வரவுக்கு ஒரு பிரிட்டிஷ் கட்டுப்பாட்டாளர், செலவுக்கு ஒரு பிரெஞ்சுக் கட்டுப்பாட்டாளர் என்ற இரட்டைக் கட்டுப்பாடும் வந்தது. முறி வைத்திருந்தவர்களின் சார்பில் இந்த ஒழுங்கைப் பேசி முடித்தவர் ஜோர்ஜ் கோஷன். 1862இல் முதல் கடனைக் கொடுத்த அதே குடும்ப நிறுவனத்தில் முன்னர் பங்காளராக இருந்தவர்.

1877இல் நாட்டின் வருமானம் ஏறத்தாழ 9.5 மில்லியன் பவுண். அதில் 7.5 மில்லியன் வரை கடன்காரர்களுக்குப் போனது. அந்த வருடம் நைல் நதியில் நீர் குறைந்தது. அடுத்த வருடம் மேல் எகிப்தில் பஞ்சம். வரி அறவிடுவது மட்டும் நிற்கவில்லை, சவுக்கோடு வந்தார்கள். 1879இல் ஏறத்தாழ 2,500 இராணுவ அதிகாரிகள் அரைச் சம்பளத்துக்குத் தள்ளப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் இஸ்மாயீலே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மகன் தௌபீக் வந்தார். 1880ஆம் ஆண்டின் தீர்வுச் சட்டம் நாட்டு வருமானத்தை இரண்டாகப் பிரித்தது: ஏறத்தாழ ஒரு பாதி கடனுக்கு, மறு பாதி நிருவாகத்துக்கு.

மறு பாதியும் இல்லை

1881 செப்டம்பர் 9இல் அப்தீன் மாளிகை முன்றலில் ஒராபி படையோடு நின்று மக்கள் சபையைக் கூட்டும்படி கேட்டார். டிசம்பரில் சபை கூடியது. அதன் கோரிக்கையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கடனைக் கட்டமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. கடனுக்கும் திறைக்கும் ஒதுக்கிய பாதியில் கை வைக்கமாட்டோம், மிகுதிப் பாதியின் வரவு செலவைத் தீர்மானிக்கும் உரிமையை மட்டும் தாருங்கள் என்றே கேட்டார்கள்.

அதைக்கூடக் கட்டுப்பாட்டாளர்கள் ஏற்கவில்லை. காரணம் விளங்கக்கூடியதே. செலவைத் தீர்மானிப்பவர், நாளைக்கு வரி எவ்வளவு வரும் என்பதையும் தீர்மானிப்பார். நாளைய வரிதான் முறிகாரரின் பிணை. ஆகவே பாதியை ஈடு வைத்தவர்கள் உண்மையில் முழுவதின் மீதான சொல்லையும் இழந்திருந்தார்கள்.

1882 ஜனவரி 8இல் பிரிட்டனும் பிரான்ஸும் தௌபீக்குக்கு ஆதரவாகக் கூட்டு அறிவித்தல் விடுத்தன. பெப்ரவரியில் கவிஞர் மஹ்மூத் சாமி அல்பாரூதி பிரதமரானார். ஒராபி யுத்த அமைச்சர். ஜூலை 11இல் அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தது. செப்டம்பர் 13இல் தல் அல்கபீரில் எல்லாம் முடிந்தது. ஸுயஸ் பாதை கையைவிட்டுப் போகுமோ என்ற பயமும் பிரிட்டனுக்கு இருந்தது. கடன் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அன்றைய பிரதமர் கிளாட்ஸ்டனின் சொந்த முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எகிப்துத் திறையைப் பிணையாகக் கொண்ட முறிகளில் இருந்தது என்பதும் வரலாறு.

பாரூதியும் ஒராபியும் ஒரே கப்பலில் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களது தோழர்களில் சிலர் இந்த மண்ணிலேயே மௌத்தானார்கள். பொதுக் கடன் நிதியம் 1940 வரை இருந்தது.

பின்னால் வருபவர்களின் பங்கு

நமது மரபில் இந்தப் பிரச்சினை பேசப்படாத ஒன்றல்ல. இராக்கின் ஸவாத் நிலம் வெற்றிகொள்ளப்பட்டபோது, அதைப் படையினருக்குப் பங்கிட்டுத் தரும்படி ஸஹாபாக்களில் சிலர் கேட்டார்கள். உமர் (ரழி) மறுத்தார்கள். நிலம் உழுபவர் கையில் இருக்கட்டும், கராஜ் வரி பொதுவுக்கு வரட்டும், பங்கிட்டுவிட்டால் பின்னால் வருபவர்களுக்கு என்ன மிஞ்சும் என்பது அவர்களது வாதம். 'பின்னால் வந்தவர்கள்' பற்றிப் பேசும் ஸூரா அல்ஹஷ்ரின் வசனத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். ஹாரூன் ரஷீதுக்காக இமாம் அபூ யூஸுப் எழுதிய கிதாபுல் கராஜில் இது விரிவாக வருகிறது. பொது வருமானத்தில் இன்னும் பிறக்காதவருக்கும் பங்கு உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் பொருள். அந்தப் பங்கை எடுத்துச் செலவழிப்பவர் அதற்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்.

நமது கணக்கு

இலங்கை 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவித்தது. அதற்கு முந்திய வருடமே அரச வருமானத்தில் ஏறத்தாழ 72 வீதம் வட்டிக்கு மட்டும் போயிருந்தது. 100 ரூபா வரி வந்தால் 72 ரூபா பழைய கடனின் வட்டி. மருந்து, பாடசாலை, பாதை, சம்பளம் எல்லாவற்றுக்கும் மிச்சம் 28 ரூபா. போதாததற்கு மீண்டும் கடன்.

அதன் பிறகு நடந்தவை நமக்குத் தெரிந்தவை. 2019 முடிவில் 8 வீதமாகக் குறைக்கப்பட்ட வற் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது ஊழியர் சேமலாப நிதியத்தின் முறிகள் நீண்ட தவணை முறிகளாக மாற்றப்பட்டன. மாற்றாத ஓய்வூதிய நிதியங்களுக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி என்றார்கள். வேலைசெய்து சேர்த்தவரின் வயோதிபக் காசும் நாளைய வரியை நம்பித்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கியது. 2024 டிசம்பரில் சர்வதேச முறிகளுக்குப் பதிலாகக் கொடுத்த புதிய முறிகளில் ஒரு பகுதி, நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் கூடுதலாகக் கட்டும் வகையைச் சேர்ந்தது. வளர்ச்சியின் ஒரு துண்டும் முன்கூட்டியே எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கிறது.

நாம் எகிப்தின் நிலையில் இல்லை. துறைமுகத்துக்கு முன்னால் பீரங்கிக் கப்பல் நிற்கவில்லை. 1881இல் அந்த மக்கள் சபை கேட்டுக் கிடைக்காத உரிமை நமது அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரையில் எழுத்தில் இருக்கிறது: பொது நிதி மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே. 2024இல் பொதுப் படுகடன் முகாமைத்துவத்துக்கும் பொது நிதி முகாமைத்துவத்துக்கும் தனிச் சட்டங்கள் வந்துள்ளன. அரசாங்க நிதி பற்றிய குழு இருக்கிறது. அதன் அறிக்கைகள் தமிழிலும் வாசிக்கக் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நமது உரிமை.

எழுத்தில் இருக்கும் அதிகாரத்தைப் பாவிக்காமல் விட்டால் அது இல்லாததற்குச் சமம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர் "ஊருக்கு ரோட்டுப் போட்டுத் தாறன், கட்டடம் கட்டித் தாறன்" என்பார். நல்லது. அந்தக் காசு எங்கிருந்து வருகிறது, எத்தனை வருடத்தில் யார் கட்டப்போகிறார், அந்த ரோட்டால் அவ்வளவு வருமானம் வருமா என்று ஒரு தரம் கேட்டுப் பார்ப்போம். அந்தக் கடனைக் கட்டப்போகிற பிள்ளைகளுக்கு இன்று வாக்கு இல்லை. அவர்களுக்காகக் கேட்கவேண்டியவர்கள் நாம்தான்.